தோலின் ஈரத்தை வெப்பத்தால் அளத்தல்

உள்ளங்காலில் தடித்துப்போன காய்ப்புத் தோலைச் சிறு துண்டாகச் சீவி எடுத்து நன்றாக உலர வைத்தால், மடக்கினால் ஒடிந்துவிடும் அளவுக்கு அது விறைத்துப் போகிறது. அப்படி விறைத்த துண்டை எண்ணெயில் ஊறவைத்தாலும் விறைப்பு நீங்குவதில்லை. நீரில் இட்டாலோ, ஈரக் காற்றில் சிறிது நேரம் வைத்தாலோ, அது மீண்டும் துவண்டு வளையத் தொடங்குகிறது. பாஸ்டன் நகரத்தில் சருமத்தைப் பற்றி ஆராய்ந்துவந்த இர்வின் பிளாங்க் என்பவர் 1952இல் வெளியிட்ட இந்த எளிய பரிசோதனை, தோலின் மென்மைக்குக் காரணம் அதிலுள்ள எண்ணெய்ப் பசையே என்று வைத்தியர்களும் பொதுமக்களும் நெடுங்காலமாகக் கொண்டிருந்த கருத்தை அசைத்துவிட்டது. மென்மையைத் தருவது நீர். எண்ணெயின் பணி அந்த நீரைத் தப்பவிடாமல் காப்பதே. நீரின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துக்குக் கீழே இறங்கினால், தோல் எவ்வளவு எண்ணெய் பூசப்பட்டிருந்தாலும் வெடிக்கும்.

இவ்வுண்மை நிலைபெற்ற நாளிலிருந்தே, உயிருள்ள மனிதனின் தோலில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை, அவனைக் கீறாமலும் சீவாமலும் அளந்தறிவது எப்படி என்ற கேள்வியும் ஆராய்ச்சியாளர் முன் நின்றுவந்திருக்கிறது. கேள்வி எளிதாகத் தோன்றினாலும் விடை எளிதன்று. ஏனெனில், தோல் என்பது ஒரே சீரான பொருள் அன்று. அதன் புறத்தே, இறந்து தட்டையான உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அமைந்த மேற்படலம் ஒன்று உண்டு. முன்கையில் அதன் கனம் பத்து முதல் இருபது மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்கு. அதில் நீர் குறைவு. அதற்குக் கீழே உயிருள்ள மேல்தோலும், அதனடியில் இரத்தக் குழாய்கள் ஓடும் அடித்தோலும் இருக்கின்றன; அங்கே நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீரே நிறைந்திருக்கிறது. மேற்படலம் தன் சொற்ப நீரைப் பிடித்து வைத்திருப்பது, ஃபிலாக்ரின் என்னும் புரதம் சிதைந்து உண்டாகும் அமினோ அமிலங்கள் முதலிய பொருள்களின் உதவியால். அப்புரதத்துக்குரிய மரபணுவில் பழுதுள்ளவர்களுக்குக் கரப்பான் நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பது 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்து ஆராய்ச்சியாளர்கள் முதன்மையாக நின்று நடத்திய ஆய்வினால் தெளிவாயிற்று. ஆகவே, 'தோலின் ஈரம்' என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் ஆழத்துக்கு ஆழம் மாறும் ஓர் அளவு. எந்த ஆழத்து ஈரம் என்று சொல்லாதவரையில் எந்தக் கருவியின் எண்ணும் பொருளற்றதே. இக்கட்டுரை முழுவதிலும் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

முதலில் கைகொடுத்தது மின்சாரம். ஜப்பானில் ஹச்சிரோ தகாமி முதலியோர் 1980இல், அதிவேகமாகத் திசைமாறும் மின்னோட்டத்தைத் தோலின்மேல் செலுத்தி, அது எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதைக் கொண்டு மேற்பரப்பின் ஈரத்தை மதிப்பிட்டார்கள். அதே காலத்தையொட்டி ஜெர்மனியின் கொலோன் நகரத்தில், தோலின் மின்தேக்குதிறனை அளக்கும் கோர்னியோமீட்டர் என்னும் கருவி உருவாயிற்று. களிம்பு தயாரிப்போரும் தோல் மருத்துவரும் இன்றளவும் மிகுதியாகக் கையாள்வது அதுவே. இக்கருவிகள் செய்த சேவையைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனாலும், அவை தரும் எண்ணுக்கு அலகு கிடையாது. நாற்பது என்றால் எதில் நாற்பது என்று கேட்டால் விடை இல்லை. அவை நீரை நேரடியாகக் காண்பதுமில்லை. நீரின் அடையாளமான மின்குணத்தை மட்டுமே காண்கின்றன. வியர்வையின் உப்பும், பூசிய களிம்பின் சேர்மானங்களும், கருவியை அழுத்தும் கையின் பலமும் அந்த எண்ணை மாற்றிவிடும். அதனால்தான், அளக்கப்படுபவர் இருபது டிகிரியை ஒட்டிய வெப்பநிலையும் கட்டுப்படுத்திய காற்றீரமும் உள்ள அறையில் அரைமணி நேரம்வரை அமர்ந்து ஓய்வெடுத்த பிறகே அளக்க வேண்டும் என்பது நெறியாக இருந்துவருகிறது. சித்திரை மாதத்து நண்பகலில் வயலிலும் தெருவிலும் உழைப்பவனின் தோலை அறிய, அவனை அவன் வாழும் வெக்கையிலிருந்து பிரித்துக் குளிர்ந்த அறைக்குள் கொண்டுவந்தாக வேண்டும் என்ற நிபந்தனை எவ்வளவு பெரிய குறை என்பதை நம் ஊர் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெப்பத்தைக் கொண்டு ஈரத்தை அளப்பது வேறொரு வழி. அதன் அடிப்படையை எந்த வீட்டுச் சமையலறையிலும் கண்டுகொள்ளலாம். மார்கழி விடியலில் பித்தளைக் குடத்தையும் பக்கத்திலுள்ள மரப்பலகையையும் தொட்டுப் பார்த்தால், இரண்டும் இரவெல்லாம் ஒரே அறையில் இருந்து ஒரே வெப்பநிலைக்கு வந்திருந்தும், குடம் குளிர்ந்தும் பலகை குளிராமலும் தோன்றுகின்றன; நம் விரலின் உஷ்ணத்தைப் பித்தளை விரைவாக வாங்கிக்கொண்டு போய்விடுவதும், மரம் அவ்வாறு செய்யாததுமே காரணம். பொருள்களின் இந்தச் சுபாவத்தைக் கணித விதிக்குள் அடக்கியவர் பிரெஞ்சு அறிஞர் ஜோசஃப் ஃபூரியே. வெப்பத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் 1822இல் வெளிவந்தது. அவ்விதிப்படி ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பக் கடத்துதிறன் என்ற ஓர் அளவு உண்டு. மீட்டருக்கும் டிகிரிக்கும் இத்தனை வாட் என்று அதற்கு அலகும் உண்டு. நீருக்கு அது 0.6. உலர்ந்த மேற்படலத்துக்கு ஏறத்தாழ 0.2. காற்றுக்கோ 0.026 மட்டுமே. ஆதலால் தோலில் நீர் மிகுந்தால் கடத்துதிறன் உயரும், குறைந்தால் தாழும். கடத்துதிறனை அளந்துவிட்டால் நீரின் பங்கைக் கணக்கிட்டு அறியலாம். வேதியியலின் தயவின்றி, உப்பின் தலையீடு பெரும்பாலும் இன்றி, பௌதிக அலகுடன் கிடைக்கும் எண் இது.

அளக்கும் முறையும் அதற்கேற்ற எளிமை வாய்ந்தது. மெல்லிய உலோகக் கம்பியொன்றைச் சில மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமாக மடித்துத் தோலின்மேல் ஒட்டி, அதில் சிறு மின்னோட்டத்தைச் சில விநாடிகள் செலுத்தினால் கம்பி சூடாகிறது. சூடாக ஆக அதன் மின்தடை உயர்கிறது. ஆகவே அதே கம்பியே அடுப்பாகவும் வெப்பமானியாகவும் இரட்டைப் பணி செய்கிறது. சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரத்துச் சிலாஸ் குஸ்டாஃப்சன் 1991இல் திடப்பொருள்களுக்கென்று விரிவாக வகுத்துத் தந்த வழி இதுவே. ஈரமான தோல் வெப்பத்தை விரைவாக உள்ளே வாங்கிக்கொள்வதால் கம்பியின் சூடு சிறிதே ஏறும். உலர்ந்த தோலிலோ வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கி, சூடு அதிகமாக ஏறும். ஏற்றம் சில டிகிரிகளே ஆதலால் அணிந்திருப்பவருக்கு வலியோ தீங்கோ இல்லை.

இதில் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது காலம். வெப்பம் தோலுக்குள் இறங்கும் தூரம், கடந்த நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தோலில் வெப்பம் பரவும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், பத்தில் ஒரு விநாடியில் அது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டரும், ஒரு விநாடியில் 0.3 மில்லிமீட்டரும், பத்து விநாடியில் 1 மில்லிமீட்டரும் இறங்குகிறது. எனவே எத்தனை விநாடி காத்திருக்கிறோம் என்பதே எவ்வளவு ஆழத்தை விசாரிக்கிறோம் என்பதை நிர்ணயிக்கிறது. மின்கருவிகளில் பெரும்பாலானவை மேற்பரப்பின் பதினைந்து மைக்ரோமீட்டரோடு நின்றுவிட, வெப்பக் கருவி நேரத்தை நீட்டித்து உள்ளே செல்ல வல்லது. அதே விதியை மறுபுறம் திருப்பினால் அதன் வரம்பும் தெரிகிறது: பதினைந்து மைக்ரோமீட்டர் கனமுள்ள மேற்படலத்தை மட்டும் தனித்து அறிய விரும்பினால், விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரத்துக்குள் அளந்து முடித்தாக வேண்டும். அது அரிய காரியம்.

கோட்பாடு இவ்வளவு தெளிவாக இருந்தும், உயிருள்ள தோலில் அதைப் பயன்படுத்துவது நெடுங்காலம் ஆய்வுக்கூடத்தைத் தாண்டாமல் இருந்தமைக்குக் காரணம் காற்று. தோல் சமதளம் அன்று. ரேகையும் மடிப்பும் மயிர்க்காலும் நிறைந்தது. அசைவது, நீள்வது, சுருங்குவது. அதன்மேல் விறைப்பான கருவியொன்றை வைத்தால் இடையிடையே மெல்லிய காற்றுப் பை நின்றுவிடும். நீரைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும் அக்காற்று, தோலின் உண்மை முழுவதையும் மறைத்துவிடும். அழுத்திப் பிடித்தாலோ இரத்தம் ஒதுங்கி வேறொரு பிழை வந்து சேரும். ஆகவே வேண்டியிருந்தது இன்னும் நுட்பமான வெப்பமானி அன்று. தோலைப் போலவே வளையும் வெப்பமானி.

அதைத் தந்தது அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் தலைமையில் இயங்கிய ஆராய்ச்சிக் குழு. மின்சுற்றுகளைப் பாம்புபோல் வளைந்து செல்லும் மிக மெல்லிய கம்பிகளாக அமைத்து, மென்மையான ரப்பர்த் தகட்டில் பதித்து, பசையின் உதவிகூட இல்லாமல் தோலின் மேடுபள்ளங்களோடு ஒன்றிப் படியச் செய்யலாம் என்று அவர்கள் 2011இல் காட்டினார்கள். 2013இல் அதே குழுவினர், சாட் வெப் முன்னின்று நடத்திய ஆய்வில், இத்தகைய தகட்டைக் கொண்டு தோலின் வெப்பநிலையை டிகிரியின் ஆயிரத்தில் சில பங்கு நுட்பத்தோடு இடவாரியாக அளந்ததோடு, அதன் வெப்பக் கடத்துதிறனையும் உடனுக்குடன் கண்டறிந்தார்கள். தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று புக இடமில்லாமற் போனவுடன், இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஃபூரியே எழுதிவைத்த விதி மனித உடம்பின்மேல் தடையின்றிச் செயல்படத் தொடங்கியது.

2015இல் வெளிவந்த தொடர் ஆய்வு, என் மதிப்பில், இத்துறையில் மிகவும் போற்றத்தக்கது. ஏனெனில் அது புதிய கருவியைப் புகழ்வதோடு நில்லாமல், கருவி எதைக் காண்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டது. இருபத்தைந்து பேரின் உடம்பில் கன்னம், உள்ளங்கை, மணிக்கட்டு, முன்கையின் இரு புறங்கள், குதிகால் ஆகிய ஆறு இடங்களில் வெப்பம் பரவும் தன்மையை அளந்து, அதே இடங்களில் தோற்படலங்களின் கனத்தை ஒளிமுறையிலும், ஈரத்தை மின்முறையிலும் அளந்து, மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஈரம் மிகுந்த இடத்தில் வெப்பம் எளிதாகப் பரவியது. மேற்படலம் தடித்த இடத்தில் தடைபட்டது. இவ்விரு உறவுகளும் எல்லா இடத்திலும் ஒரே வலிமையோடு அமையவில்லை என்பதே அவ்வாய்வின் சாரம்: உள்ளங்கை போன்ற தடித்த தோலில் உறவு வலுவாகவும், மயிர்க்கால் உள்ள மெல்லிய தோலில் தளர்வாகவும் இருந்தது. இதைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

ரோஜர்ஸ் சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு, 2020இல், சுரபி மாதவபதி முதலியோர் இக்கருவியை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். மின்கலம் இல்லாமல், அருகில் பிடித்த கைபேசியிலிருந்தே சக்தியைப் பெற்று, அக்கைபேசிக்கே கணக்கையும் அனுப்பும் சிறிய மென்தகடு அது. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழம்வரையுள்ள நீரின் பங்கை, நூற்றுக்கு ஐந்து கூடலாம் குறையலாம் என்ற நுட்பத்தோடு அது தெரிவித்தது. நலமுள்ள பதினாறு பேரிடம் உடம்பின் பல இடங்களில் அளந்தபோது, சராசரியாக நூற்றுக்கு 63 பங்கு நீர் என்று வந்தது. கரப்பான், சோரியாசிஸ், காணாக்கடி, வறட்சித் தோல், ரோசேஷியா ஆகிய நோய்களுடையோரிடமும் சிறு அளவில் சோதித்தார்கள். கரப்பானில் நோயுற்ற இடமும் நோயற்ற இடமும் தெளிவாக வேறுபட்டன.

இந்த 63 என்ற எண்ணைச் சற்று நிதானித்து நோக்க வேண்டும். பிளாங்க் பேசிய நீர் இதுவன்று. முன்கையின் மேற்படலம் பதினைந்து மைக்ரோமீட்டர் என்றால், கருவி விசாரிக்கும் 1 மில்லிமீட்டரில் அது நூற்றில் ஒன்றரைப் பங்கே. அப்படலத்தின் நீர் நூற்றுக்கு முப்பதிலிருந்து பதினைந்தாகப் பாதி குறைந்து, தோல் வெள்ளையாய்ப் பூத்துச் செதில் உதிர்ந்தாலும், மொத்தச் சராசரியில் அதனால் ஏற்படும் மாற்றம் நூற்றில் கால் பங்குக்கும் குறைவு. வெப்பம் மேலிருந்து கீழே இறங்குவதால் மேற்பகுதிக்குக் கணக்கில் கூடுதல் இடம் உண்டு என்பது உண்மையே. அதைப் பல மடங்காகப் பெருக்கினாலும், நூற்றுக்கு ஐந்து என்ற நுட்பத்துக்குள் அம்மாற்றம் அகப்படுவது கடினம். நோயுற்ற தோலில் கருவி வேறுபாட்டைக் காண்கிறது என்றால், அங்கே மேற்படலம் மட்டுமன்றி அதன் கீழுள்ள தோலும் தடித்து, அமைப்பு மாறி, நீரின் பங்கீடு ஆழம்வரை குலைந்திருக்கிறது என்பதே அதன் பொருளாக இருக்க வேண்டும். அந்தச் செய்தி மின்கருவிக்கு எட்டாதது, மதிப்பு வாய்ந்தது. ஆனால் முகத்துக்குக் களிம்பு பூசிய பெண்ணொருத்தியின் கன்னத்து மென்மையை இது அளக்கிறது என்று வியாபாரிகள் சொல்லத் தொடங்கினால், அது சாஸ்திரத்துக்கு ஒவ்வாத பேச்சாகும்.

வேறொரு மயக்கத்தையும் இங்கே விலக்க வேண்டும். வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தையின் வயிற்றுத் தோலை மருத்துவர் இரு விரலால் கிள்ளிவிட்டு, அது பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறதா என்று பார்ப்பது, உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழக்கம். அது உடம்பின் நீரிழப்பைத் தோலின் மீள்தன்மையால் ஊகிக்கும் முறை. மேல்தோலின் ஈரம் அதனின்றும் பெரிதும் தனித்த ஒன்று. நிறையத் தண்ணீர் குடிப்பவரின் குதிகாலும் வெடிக்கிறது. தோலில் ஒட்டிய தகடு இன்று தண்ணீர் குடிக்க வேண்டுமா என்று சொல்லும் என எதிர்பார்ப்பது, அதன் வேலையல்லாத வேலையை அதன்மேல் சுமத்துவதாகும்.

பிழைகள் நுழையும் வாயில்கள் இன்னும் சில உண்டு. அடித்தோலில் ஓடும் இரத்தம் வெப்பத்தை அடித்துக்கொண்டு போவதால், வெயிலில் நடந்து வந்தவரின் தோல் உள்ளதைவிட ஈரமாகத் தோன்றக்கூடும். மேலே வீசும் காற்று தகட்டைக் குளிர்விக்கும். கைபேசியிலிருந்து சக்தி பெறும் தகட்டுக்குக் கைபேசி மிக நெருங்கி அசையாமல் இருக்க வேண்டும். அந்தச் சங்கடமும் சூழலின் சிறு சலனங்களுக்கு அஞ்சும் பலவீனமுமே அடுத்த ஆண்டில், 2021இல், புளூடூத் வழியாகத் தொலைவிலிருந்து செய்தி அனுப்பும் புதிய வடிவத்துக்குக் காரணமாயின. எல்லாவற்றிலும் நுட்பமான பிழை, அணிவதாலேயே விளைவது: காற்று புகாத எந்தத் தகட்டையும் மணிக்கணக்கில் தோலின்மேல் ஒட்டிவைத்தால், ஆவியாக வேண்டிய நீர் கீழே தங்கி, அளக்க வந்த ஈரத்தை அளக்கும் கருவியே கூட்டிவிடும். ஆகவே இத்தகடுகளை நாள் முழுதும் அணிவதைவிட, வேண்டும்போது வைத்து எடுப்பதே நேர்மையான எண்ணைத் தரும் என்பது என் துணிபு.

இத்தனை குறைகளையும் எடுத்துக்கூறிய பின்னும் இம்முறையின்மேல் எனக்குள்ள பற்று குறையவில்லை. அதற்குத் தனியான காரணம் ஒன்று உண்டு. மருத்துவத்தில் ஒளியைக் கொண்டு அளக்கும் கருவிகள் பல, தோலின் நிறத்தால் தடுமாறுகின்றன. விரலில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயுவைக் காட்டும் கருவி, வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பினத்தவரிடம் ஆபத்தான குறைவை ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் கவனிக்கத் தவறுகிறது என்று 2020இல் அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளைக் கொண்டு நிறுவப்பட்டது. கரப்பானின் சிவப்பும் கறுத்த மேனியில் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. வெள்ளைத் தோலின் படங்களைப் பார்த்துப் பயின்ற மருத்துவர் நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிட நேர்கிறது. தொட்டுக் கடக்கும் வெப்பத்துக்கு நிறபேதம் இல்லை. நம் மக்களின் தோலைப் பற்றிய அறிவு, வேறொருவர் தோலுக்கென்று வகுத்த அளவுகோலின் நிழலில் வளராமல் தனித்து வளர இது இடம் தருகிறது.

தடித்த தோலைப் பற்றி முன்பு சொன்ன செய்திக்கு, குதிகாலை முன்வைத்து, இப்போது திரும்பலாம். முன்கையில் மெல்லியதாயிருக்கும் மேற்படலம், குதிகாலில் அரை மில்லிமீட்டரையும் தாண்டித் தடித்திருப்பதுண்டு. அங்கே வைத்த தகடு பத்து விநாடியில் விசாரிக்கும் ஆழத்தில் பெரும்பகுதி அப்படலமே. மற்ற இடத்தில் பலவீனமாயிருந்த அதே ஆழம், இங்கே வலிமையாகிவிடுகிறது. மின்கருவியோ பதினைந்து மைக்ரோமீட்டரை மட்டும் தடவிவிட்டு, வெடிப்பு தொடங்கும் உட்பகுதியை அறியாமலே போய்விடும். உள்ளங்கை போன்ற இடங்களில் உறவு வலுவாக அமைந்தது என்று 2015ஆம் ஆண்டு ஆய்வு கண்டதற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். ஆதலால், இக்கருவிக்குரிய இடம் கன்னமன்று, பாதம்.

பாதத்தின் வறட்சி அற்ப விஷயம் அன்று. தொழுநோயாலோ நீரிழிவாலோ நரம்புகள் பழுதுபட்ட காலில் வியர்வையும் நின்றுவிடுகிறது, உணர்ச்சியும் அற்றுவிடுகிறது. வறண்ட தோல் பித்தவெடிப்பாகப் பிளக்க, அதன் வலி தெரியாமலே நோயாளி நடக்க, பிளவில் அழுக்கேறிப் புண்ணாகி, இறுதியில் காலையே இழக்க நேர்கிறது. இத்தகைய புண்களுக்குக் காரணம் தொழுநோய் தசையை நேரே அரிப்பதன்று, உணர்ச்சியற்ற உறுப்பு படும் காயங்களே என்று உலகுக்குத் தெளிவுபடுத்தியவர்களில் முதன்மையானவர், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து பணியாற்றிய பால் பிராண்ட். அவர் வழியில் வேலூரை அடுத்த கரிகிரியிலும் பிற இடங்களிலும் நோயாளிகளுக்குக் கற்பிக்கப்படும் தற்காப்பு முறை மிக எளியது: நாள்தோறும் பாதங்களைச் சுமார் இருபது நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து நீக்கி, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் பூசிவிடுவது. முதலில் நீர், பிறகு அதைக் காக்க எண்ணெய் என்னும் இந்த வரிசை, பிளாங்க் கண்ட உண்மையோடு முழுதும் பொருந்துகிறது.

ஆயினும் அம்முறையில் அளந்து அறிய வேண்டியவை பல. ஊறிய நீர் குதிகாலின் உட்பகுதியில் எத்தனை மணி நேரம் தங்குகிறது? இருபது நிமிஷம் போதுமா, பத்து நிமிஷமே போதுமா? தேங்காயெண்ணெய், வாஸ்லின், விளக்கெண்ணெய் ஆகியவற்றுள் எது நீரை அதிக நேரம் காக்கிறது? ஐப்பசி மழையில் பூசுவதும் அக்கினி நட்சத்திரத்தில் பூசுவதும் ஒன்றுதானா? இவற்றுக்கு விடை காணப் பெரிய மருத்துவமனையோ குளிர்ந்த அறையோ தேவையில்லை. இரு கால்களும் ஒத்த நிலையிலுள்ள ஒருவரின் வலக் குதிகாலை ஊறவைத்து எண்ணெய் பூசி, இடக் குதிகாலை ஊறவைத்துத் துடைத்து மட்டும் விட்டு, ஊறவைப்பதற்கு முன்னும் பின்னும், பிறகு மணிக்கு ஒருமுறையும் தகட்டைப் பத்து விநாடி வைத்து எடுத்தால், ஒரே உடம்பு, ஒரே நாள், ஒரே வானிலை என்பதால் இரத்த ஓட்டமும் காற்றும் தரும் பிழைகள் இரு காலுக்கும் பொதுவாகிக் கழிந்துவிடும். எஞ்சி நிற்கும் வேறுபாடு எண்ணெய் காத்த நீரின் அளவாக இருக்கும். ஒவ்வொரு எண்ணெயையும் இவ்வாறே வெவ்வேறு நாளில், வலத்தையும் இடத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்துவந்தால், மறுநாள் காலை எந்தக் குதிகால் மேலும் ஈரமாக இருக்கிறது என்பதை அந்நோயாளியே தம் கைபேசியில் படித்துக்கொள்ளலாம்.